கொம்பனித்தெரு மலாய்: ஒரு சிறு மொழியின் இலக்கணமும் வரலாறும்

மொழி என்ற சொல்லைக் கேட்டதும் இலங்கைத் தமிழராகிய நம் நினைவில் முதலில் எழுவன சட்டமும் சத்தியாக்கிரகமுமே. 1956 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என விதிக்கப்பட்ட நாள் முதலாக, இந்நாட்டின் மொழிப் பிரச்சினை என்பது இரு பெருமொழிகளின் வழக்கு என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அந்த வழக்கில் எமது பக்கத்து நியாயம் குறைந்ததன்று. ஆயினும், வழக்காடும் இருவருக்கும் நடுவே, வாதி என்றோ பிரதிவாதி என்றோ ஒருபோதும் அழைக்கப்படாமல், வேறோர் மொழி நம் அயலிலேயே வாழ்ந்து வந்திருக்கின்றது. கிருலப்பனையிலோ வெள்ளவத்தையிலோ பஸ் ஏறிக் கோட்டைப் பக்கம் போகிறவர்கள் கொம்பனித்தெருவைக் கடந்தே போகின்றனர். அங்கே ஜாவா ஒழுங்கை என்றும் மலே வீதி என்றும் றைபிள் வீதி என்றும் பெயர்ப் பலகைகள் நிற்கின்றன. அப்பெயர்கள் எவ்வாறு வந்தன என்று கேட்டவர் நம்மிலே மிகச் சிலர்.

அங்கு பேசப்பட்டு வந்த மொழி இலங்கை மலாய். இன்று இந்நாட்டில் மலாயர் எனத் தம்மைப் பதிந்துகொள்வோர் தொகை நாற்பதினாயிரத்தைச் சற்றே கடந்தது. சனத்தொகையில் நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லை. இத்துணைச் சிறிய கூட்டத்தாரின் வீட்டு மொழி உலகத்து மொழியியலாளரின் கவனத்தைக் கடந்த சில பத்தாண்டுகளாகப் பெரிதும் ஈர்த்துள்ளது. அதன் காரணம் தமிழருக்குச் சிறப்பாக உரியது. அம்மொழியின் சொற்கள் மலாய்ச் சொற்கள். அச்சொற்களை ஒழுங்குபடுத்தும் இலக்கணமோ பெரும்பாலும் நம் நாட்டு இலக்கணம். நன்னூல் படித்த மாணவன் ஒருவன் அதனைக் கேட்டால், சொல் விளங்காத போதும் வாக்கியத்தின் போக்கு விளங்கித் திகைப்பான்.

இலக்கணத்துக்குள் நுழையுமுன் அம்மக்கள் வந்த வழியைக் காணவேண்டும்.

சாவகம் என்னும் பெயர் தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையிலே சாவக நாடு வருகின்றது. 1247 ஆம் ஆண்டு மலாய்க் குடாநாட்டுத் தாம்பிரலிங்கத்தின் மன்னன் சந்திரபானு இலங்கை மீது படையெடுத்தான். பின்னர் வடபகுதியிலே சிலகாலம் ஆட்சியும் செய்தான். சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரை அதனோடு தொடர்புபடுத்துவோர் உளர். ஆனால் இன்றைய மலாயரின் வரலாறு அப்பழங்கதையோடு தொடங்குவதன்று. அது ஒல்லாந்தக் கொம்பனியின் கணக்குப் புத்தகத்தோடு தொடங்குகின்றது.

1656 ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி பத்தாவியாவைத் தலைநகராகக் கொண்டு ஆசியக் கடல் முழுவதும் வணிகம் நடத்தியது. அதற்குக் கூலிக்குப் போரிடும் படைவீரர் வேண்டியிருந்தனர். கோட்டை கட்டவும் சுமை தூக்கவும் அடிமைகள் வேண்டியிருந்தனர். தனக்கு அடங்காத மன்னர்களையும் மார்க்க அறிஞரையும் தொலைவில் அடைத்து வைக்க ஒரு தீவு வேண்டியிருந்தது. இம்மூன்றுக்கும் இலங்கை பயன்பட்டது. ஜாவாவின் மன்னன் மூன்றாம் அமங்குராத் 1708 இல் இங்கு நாடு கடத்தப்பட்டு, 1734 இல் இங்கேயே மாண்டான். மக்காசாரைச் சேர்ந்த ஷெய்கு யூசுப் என்னும் மார்க்க ஞானி 1684 இல் இங்கு கொண்டுவரப்பட்டு, பத்தாண்டுகளின் பின் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார். கோவா அரசின் சுல்தான் பக்ருத்தீன் 1767 இல் வந்து சேர்ந்தான். ஜாவானிய மொழியிலே நாடு கடத்தப்படுதலைக் குறிக்க இலங்கையின் பெயரையே வினைச்சொல்லாக்கிக் கொண்டனர். 'செலோங்' ஆக்கப்படுதல் என்றால் ஊரைவிட்டு ஒழிக்கப்படுதல் என்பது பொருள். இலங்கையை இன்பத் தீவு என்று வருணித்த வெள்ளையரின் நூல்களை மட்டுமே படிப்பவர்கள் இந்தச் சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அரசர்கள் வரலாற்று நூல்களில் இடம் பெறுவர். ஆனால் மொழியை ஆக்கியவர்கள் அவர்களல்லர். பெயரற்ற சிப்பாய்களும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளும் அடிமைகளுமே அதனை ஆக்கினர். ஜாவா, மதுரா, பாலி, அம்போன், பண்டா, புகிஸ் நாடு எனப் பல தீவுகளிலிருந்து வந்த இவர்களுக்குத் தாய்மொழி ஒன்றன்று. ஒல்லாந்தர் இவர்களைக் கிழக்கத்தியர் என்றும் ஜாவாக்காரர் என்றும் ஒரே மூட்டையாகக் கட்டினர். பின்வந்த பிரித்தானியர் மலாயர் என்று கட்டினர். சிங்களவர் இன்றும் 'ஜா' என்கின்றனர். மலாயர் என்பது குருதியால் வந்த பெயரன்று, அவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட பொதுமொழியால் வந்த பெயர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இங்கே சற்று விலகி, அப்பொதுமொழியிற் கரைந்துபோன மொழிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நாடு கடத்தப்பட்டோருள் திதோரே, பச்சான் போன்ற மொலுக்காத் தீவுகளின் அரச குடும்பத்தாரும் இருந்தனர். கராம்பும் சாதிக்காயும் விளைந்த அத்தீவுகளுள் தெர்னாத்தே, திதோரே இரண்டின் மொழிகளும் மலாயோடு உறவுடையன அல்ல. மலாய், ஜாவானியம், புகிஸ் யாவும் ஆஸ்திரோனேசிய குடும்பத்தன. தெர்னாத்தேயும் திதோரேயும் பாப்புவா மொழிகள். பாப்புவா மொழிகள் என்பது தனியொரு குடும்பத்தின் பெயரன்று. நியூகினித் தீவிலும் அதன் அயலிலும் வழங்கும், ஆஸ்திரோனேசிய குடும்பத்திற் சேராத, ஏறத்தாழ எண்ணூறு மொழிகளுக்கு இட்ட தொகைப் பெயர். அவற்றின் மேற்கெல்லையிலே, ஹல்மஹேராத் தீவின் வடபாகத்திலும் அதன் அருகிலுள்ள சிறு தீவுகளிலும், கலேலா, தொபெலோ, சாஹு, தெர்னாத்தே, திதோரே முதலிய மொழிகள் ஒரு கிளையாக வழங்குகின்றன. கலேலாவிலும் தொபெலோவிலும் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆனால் கடல் வணிகத்தின் நடுவே இருந்த தெர்னாத்தேயிலும் திதோரேயிலும், மலாய் முதலிய அயல்மொழிகளின் தொடர்பால், வினைச்சொல் இடம்பெயர்ந்து எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே வந்துவிட்டது.

இதனை ஏன் சொல்கின்றோம் எனில், இதற்கு நேர் எதிரான மாற்றம் கொழும்பிலே நிகழ்ந்தது. நடுவிலே வினையை வைத்துப் பேசிய மலாய், இலங்கைக்கு வந்ததும், வினையை இறுதிக்குக் கொண்டு சென்றது. இலக்கணம் இரத்தத்தில் ஊறியது என்று பேசுவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். மனிதர் யாரோடு வாழ்கின்றனரோ, யாரோடு சந்தைக்குப் போகின்றனரோ, யாரைக் கலியாணம் செய்கின்றனரோ, அவர்தம் வாக்கிய அமைப்பு இவர்தம் வாயிலும் வந்து குடியேறுகின்றது.

கொழும்பு மலாயர் பத்தாவியாவையும் மொலுக்காவையும் தம் நாவில் இன்றும் சுமக்கின்றனர். நாம் என்பதற்கு 'கித்தங்', நீங்கள் என்பதற்கு 'லோரங்', அவர்கள் என்பதற்கு 'டேரங்' என்பர். இவை 'கித்தா ஓராங்', 'லு ஓராங்', 'டியா ஓராங்' என்னும் தொடர்களின் சிதைவு. ஓராங் என்றால் ஆள். ஏட்டு மலாயில் இவ்வாறு சொல்வதில்லை. துறைமுகத்து மலாயில் சொல்வர். கொழும்பார் 'கோ' என்று தன்னைக் குறிப்பர். இது பத்தாவியாவின் சீன வணிகர் வாய்மொழியிலிருந்து வந்தது. மலைநாட்டார் 'செ' என்பர். 'என் வீடு' என்பதற்கு மலாய் நாட்டில் 'ரூமா சாயா', அதாவது வீடு-நான், என்று உடைமையை முன்னும் உடையவனைப் பின்னும் வைப்பர். இலங்கையில் 'செபெ ரூமா' என்பர். இந்தப் 'பெ' என்பது 'புன்யா' என்னும் சொல்லின் குறுக்கம். தெர்னாத்தேயிலும் மெனாடோவிலும் பேசப்படும் மலாயில் இதே 'பெ' இதே இடத்தில் நிற்கின்றது. கிழக்குத் தீவுகளில் உடையவனை முன்வைக்கும் இவ்வழக்கம் பாப்புவா மொழிகளின் தாக்கம் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். ஹல்மஹேராவின் பக்கத்தில் வளைந்த வாக்கியம் கொழும்பிலே வந்து இறங்கியபோது, ஆறாம் வேற்றுமையைப் பொறுத்தமட்டில், தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஏற்ப ஏற்கெனவே ஆயத்தமாகவே இருந்தது.

ஏனைய வேற்றுமைகளோ இங்கேயே உருவாயின. மலாயிலே வேற்றுமை உருபு கிடையாது. முன்னிடைச் சொற்களே உண்டு. இலங்கை மலாயிலே அவை பெயருக்குப் பின்னே ஒட்டும் உருபுகளாயின. 'கண்டி-நங்' என்றால் கண்டிக்கு. 'கண்டி-டெரிங்' என்றால் கண்டியிலிருந்து. 'ரூமா-கா' என்றால் வீட்டில். இரண்டாம் வேற்றுமைக்கு 'யங்': 'ஆனக்-யங்' என்றால் பிள்ளையை. நாம் 'மரம் வெட்டினான்' என ஐயுருபைத் தொக்கவிடுவது போல அவர்களும் அதனை எங்கும் இடுவதில்லை. உயிருள்ளவற்றுக்கும் சுட்டி அறியப்பட்டவற்றுக்குமே பெரிதும் இடுவர். நான்காம் வேற்றுமையின் ஆட்சி இன்னும் வியப்பானது. மலாய்க்காரன் தனக்குப் பசி வந்தால் 'நான் பசித்த' என்னும் பொருள்பட 'சாயா லாப்பார்' என்பான். இலங்கை மலாயர் 'செடங் லாப்பார்', அதாவது 'எனக்குப் பசி' என்பர். 'செடங் டூவா ஆனக் ஆடா' என்றால் 'எனக்கு இரண்டு பிள்ளைகள் உண்டு'. பசியும் உடைமையும் ஒருவனிடம் வந்து சேர்வனவே அன்றி அவன் செய்யும் செயல் அல்ல என்னும் நம் நாட்டு நோக்கு அவர்களின் இலக்கணத்திலும் இடம் பிடித்துவிட்டது.

எச்சங்களைப் பாருங்கள். 'நாசி அச-மாக்கங் சு-பீ': 'சோறு உண்டு போனான்'. 'அச' என்பது முடிதலைக் குறிக்கும் 'ஹாபிஸ்' என்னும் சொல்லின் தேய்வு. அது வினையெச்சத்தை உண்டாக்குகின்றது. பெயரெச்சமும் உண்டு: 'குமாரெங் சு-தாத்தங் ஓரங்' என்றால் 'நேற்று வந்த ஆள்'. ஏட்டு மலாயில் இதனையே 'ஆள், யாரெனில் வந்தவன், நேற்று' என்று தலைகீழாகச் சொல்லவேண்டும். நம் எண்ணும்மைக்கு அவர்களிடம் 'லே' உண்டு: 'பாப்பா-லே உம்மா-லே' என்றால் 'தந்தையும் தாயும்'. (உம்மா என்ற சொல்லையும் கவனியுங்கள், முஸ்லிம்களின் தமிழ் அங்கே ஒலிக்கின்றது.) வினா ஆகாரத்துக்குச் 'சி' உண்டு. 'என்று' என்னும் இடைச்சொல்லுக்கு நிகராகச் சொல்லுதல் எனப் பொருள்படும் 'காத்தா' நிற்கின்றது: 'அந்தி-தாத்தங் காத்தா சு-பீலங்' என்பது சொல்லுக்குச் சொல் 'வருவேன் என்று சொன்னான்'. தமிழில் 'என்று' என்பதும் சொல்லுதலைக் குறிக்கும் 'என்' என்னும் வினையடியாகப் பிறந்ததே. இவர்கள் உருபைக் கடன் வாங்கவில்லை. உருபு பிறக்கும் முறையைக் கடன் வாங்கினர்.

எனினும் இது தமிழின் படி என்று நாம் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. தமிழிலே காலம் காட்டும் இடைநிலை வினையடிக்குப் பின்னே வரும். அவர்களிடம் அது முன்னே வருகின்றது: நிகழ்காலத்துக்கு 'அர', இறந்த காலத்துக்கு 'சு', எதிர்காலத்துக்கு 'அந்தி'. இவை முறையே மலாயின் பழைய துணைச்சொற்கள் வினையோடு ஒட்டி இறுகியவை. 'சுடா' என்பது 'சு' ஆயிற்று, 'நந்தி' என்பது 'அந்தி' ஆயிற்று. எதிர்மறையிலும் காலம் பிரிகின்றது: 'தர-தாத்தங்' என்றால் வரவில்லை, 'தம-தாத்தங்' என்றால் வரமாட்டான். பொருட் பாகுபாடு நம்முடையது, உறுப்பு அவர்களுடையது, நிற்கும் இடமும் அவர்களுடையது. மேலும், வந்தேன், வந்தாய், வந்தான் எனத் திணை பால் இடம் காட்டும் விகுதி அவர்களிடம் இல்லை. பேச்சுச் சிங்களத்திலும் இல்லை.

இவ்விடத்தில்தான் அறிஞரிடையே பெருவழக்கு மூண்டது. இம்மாற்றத்தை விளைத்தது தமிழா, சிங்களமா? வரலாற்றாசிரியர் பி. ஏ. ஹுசைன்மியாவும் மொழியியலாளர் சிலரும், மலாய்ச் சிப்பாய்கள் தமிழ் பேசும் சோனகப் பெண்களை மணந்தனர், ஒரே பள்ளிவாசலிலே தொழுதனர், தமிழிலே மார்க்க உபதேசம் கேட்டனர், ஆகவே முஸ்லிம்களின் தமிழே இம்மொழியை வார்த்தது என்பர். வேறு சிலர், அத்தகைய கலப்பு மணம் மிகுதியாக நிகழ்ந்ததற்குச் சான்று போதாது, சிங்களமும் தமிழும் சேர்ந்தே நெடுங்காலம் அழுத்தின என மறுப்பர். எமக்குத் தோன்றுவது யாதெனில், கேள்வியே ஓரளவு பிழையாக இடப்பட்டுள்ளது. நான்காம் வேற்றுமைப் பசியும், வினை இறுதியும், பெயருக்கு முன்னே நிற்கும் எச்சமும் சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுவானவை. வடமொழிக் குடும்பத்துச் சிங்களமும் திராவிடக் குடும்பத்துத் தமிழும் இரண்டாயிரம் ஆண்டு ஒரே மண்ணில் வாழ்ந்து, சொல்லால் வேறுபட்டும் வாக்கிய அமைப்பால் நெருங்கியும் வந்துள்ளன. மலாய் மொழி ஓர் அந்நியச் சாட்சியாக வந்து அதனை அம்பலப்படுத்திவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து எந்த உருபு வந்தது என்று பிரிக்கமுடியாத அளவுக்கு இரு மொழிகளும் ஒத்திருக்கின்றன என்பதே அச்சாட்சியின் வாக்குமூலம். இனத் தூய்மை பேசும் இருதரப்பு மேடைகளிலும் இது வரவேற்கப்படாது. மார்க்க வாழ்வாலும் குடும்ப வாழ்வாலும் தமிழோடு கொண்ட நெருக்கமே மேலோங்கியிருக்கவேண்டும் என்னும் கருத்து எமக்கு வலுவாகப் படுகின்றது. மலாயரின் பழைய கையெழுத்துப் பிரதிகளிலே மலாயோடு அரபுத் தமிழும் கலந்து கிடக்கின்றமை அதற்கு ஒரு சான்று.

படைவாழ்வைப் பற்றிச் சில செய்திகள். 1796 இல் கொழும்பு பிரித்தானியர் கைக்கு மாறியபோது மலாய்ச் சிப்பாய்களும் கைமாறினர். 1803 ஆம் ஆண்டுக் கண்டிப் போரிலே அவர்கள் பிரித்தானியருக்காகப் போரிட்டனர். கண்டி அரசனின் பக்கத்திலும் மலாயர் நின்றனர். சிறைப்பட்ட கப்டன் நூருத்தீன் அரசனின் சேவையில் சேர மறுத்துக் கொலையுண்டான். பேரரசுகள் இத்தகைய விசுவாசத்தைப் புகழ்ந்து எழுதுவதில் தாராளமானவை. யாருடைய நாட்டை யாருக்காக வெல்ல யார் உயிர் கொடுத்தார் என்பதை மட்டும் எழுதுவதில்லை. பிரித்தானியர் ஜாவாவை ஆண்ட 1811 முதல் 1816 வரையான காலத்திலே அங்கிருந்தும் மதுராவிலிருந்தும் மேலும் ஆட்களைத் திரட்டிக் குடும்பத்தோடு கொண்டுவந்தனர். 1827 முதல் அப்படை 'இலங்கை றைபிள் படை' எனப் பெயர் பெற்றது. றைபிள் வீதி அதன் எச்சம்.

படையிலே மொழி தழைத்தது என்பதும் உண்மை. பாளையங்களில் பிள்ளைகளுக்கு மலாய் எழுத்தறிவு கற்பிக்கப்பட்டது. அரபு எழுத்திலே காவியங்களும் மார்க்க நூல்களும் படியெடுக்கப்பட்டன. 1869 ஆம் ஆண்டு கொழும்பிலே பாபா யூனுஸ் சல்தீன் என்பவர் 'அலாமத் லங்காபுரி' என்னும் செய்தியிதழைக் கல்லச்சில் வெளியிட்டார். அரபு எழுத்தில் அமைந்த மலாய்ச் செய்தியிதழ்களுள் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. சிங்கப்பூரில் 'ஜாவி பெரானக்கன்' 1876 இல் தான் தோன்றியது. அந்தச் சிங்கப்பூர் இதழை நடத்தியவர்களோ இந்திய முஸ்லிம் வழிவந்தோர்! கொழும்பு மலாயர் மலாய் இதழ் நடத்த, மலாயாவில் இந்திய வழியினர் மலாய் இதழ் நடத்திய அக்காலத்தை அடுத்தே, யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கப்பலேறி மலாயாவின் புகையிரதத் திணைக்களத்துக்கு எழுதுவினைஞராகப் போகத் தொடங்கினர். ஒரே பேரரசின் சதுரங்கப் பலகையிலே காய்கள் குறுக்கும் நெடுக்குமாக நகர்ந்தன.

1873 இல் றைபிள் படை கலைக்கப்பட்டது. காரணம் வெறும் செலவுக் கணக்கு. வெல்லவேண்டிய நாடு வெல்லப்பட்டுவிட்டது. கோப்பித் தோட்டங்கள் எழுந்துவிட்டன. துப்பாக்கி ஏந்தியோர் இனித் தேவையில்லை. பொலிசிலும் தீயணைப்புப் படையிலும் சிறைச்சாலைக் காவலிலும் தோட்டங்களிலும் வேலை தேடி அவர்கள் நாடெங்கும் சிதறினர். இன்றைய மலாய்க் குடியிருப்புகளின் புவியியல் இதனாலேயே விளங்கும்: கொழும்பில் கொம்பனித்தெருவும் வெக்கந்தையும், அதன் வடக்கே வத்தளையும் மாபோலையும், மலைநாட்டிலே கண்டி, கம்பளை, பதுளை, தெற்கே அம்பாந்தோட்டையும் கிரிந்தையும், குருநாகல், திருகோணமலை. பாளையம் இருந்த இடத்தில் மொழி இருந்தது. பாளையம் அழிந்ததும் பாடசாலை அழிந்தது, எழுத்து அழிந்தது, பேச்சு மட்டும் வீட்டுக்குள் ஒதுங்கியது.

அதன்பின் நிகழ்ந்தது வர்க்கத்தின் வரலாறு. நகரத்து மத்தியதர மலாயர் ஆங்கிலத்தைப் பற்றினர். அவர்களுள் ஆற்றல் மிக்க தலைவர்கள் தோன்றினர். ஸாஹிராக் கல்லூரியை 1921 முதல் 1948 வரை அதிபராக நின்று வளர்த்த டி. பி. ஜாயா அவர்களை அறியாத ஆசிரியர் இல்லை. 1922 இல் அகில இலங்கை மலாயர் சங்கமும் தோன்றியது. ஆனால் சுதேச மொழிக் கல்வி நாட்டில் வேரூன்றிய காலத்திலும் மலாய் ஒரு பயிற்றுமொழியாகும் வாய்ப்பு எழவேயில்லை. மலாய்ப் பிள்ளை சிங்களத்தையோ தமிழையோ ஆங்கிலத்தையோ தெரிந்துகொள்ளலாம். தாய்மொழிக் கல்வி என்று நாம் போற்றும் கொள்கை அப்பிள்ளைக்கு வேற்றுத் தாயரின் பட்டியலையே நீட்டியது. நகரங்களிலே பெற்றோர் பிள்ளைகளோடு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேசத் தொடங்க, பாட்டியோடு மட்டும் மலாய் பேசும் தலைமுறையும், பாட்டி சொன்னது விளங்கும் ஆனால் பதில் சொல்ல வராத தலைமுறையும் அடுத்தடுத்து வந்தன.

கொம்பனித்தெருவின் கதியையும் சொல்லாமல் விடமுடியாது. மொழி ஒழுங்கையிலே வாழ்வது; திண்ணையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் வாழ்வது. 2010 ஆம் ஆண்டு மே மாதத்திலே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதி வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் நகர அபிவிருத்தியின் பெயரால் அப்பகுதியின் பழைய குடியிருப்புகள் பல வானளாவிய கட்டடங்களுக்கு இடம் விட்டன. ஒரு குடும்பத்தைத் தொடர்மாடியின் பத்தாம் தட்டுக்கு அனுப்பினால் கூரை கிடைக்கலாம். அயல் கிடைப்பதில்லை, சிறு மொழிக்கு அயலே பல்கலைக்கழகம்.

மொழியைக் காப்பாற்ற முயன்றோரும் இல்லாமலில்லை. ஆனால் அம்முயற்சிகளிற் பல மலேசியாவின் ஏட்டு மலாயைக் கற்பிக்கும் வகுப்புகளாக அமைந்தன. கோலாலம்பூர் மொழியே 'சரியான மலாய்', வீட்டில் பேசுவது உடைந்த மலாய் என்னும் எண்ணம் இதனால் படித்தவரிடையே வலுப்பெற்றது. இது எமக்கு மிகவும் பழகிய நோய். 1960களின் தொடக்கத்திலே ஈழத்து எழுத்தாளரிடையே மரபுப் போராட்டம் மூண்டபோது, மக்கள் பேசும் தமிழை எழுத்திலே வடித்தவர்களை இழிசனர் வழக்கு என்று பண்டிதர் ஏளனம் செய்ததை நாம் மறக்கவில்லை. இன்றும் நம் வகுப்பறைகளிலே மலையகத்துப் பிள்ளையின் தமிழையும் முஸ்லிம் பிள்ளையின் தமிழையும் 'திருத்தும்' ஆசிரியர் உளர். 'செடங் லாப்பார்' என்று சொல்லும் பிள்ளையைச் 'சாயா லாப்பார்' என்று திருத்துவது கல்வியன்று. முந்நூறு ஆண்டு வரலாற்றை அழிறப்பரால் அழிப்பது.

மொழி உயிரோடு நிலைத்தது எங்கே? செல்வமும் சங்கமும் இருந்த இடத்தில் அன்று. தென்கரையில் கிரிந்தை என்னும் மீனவர் கிராமத்திலே, 2000களில் அங்கு சென்று ஆராய்ந்த மொழியியலாளர், சிறுபிள்ளைகள் மலாயை முதல் மொழியாகக் கற்று, பாடசாலை செல்லும் பருவத்திலேயே பிறமொழிகளோடு பழகுவதைக் கண்டனர். ஏழைகளிடம் மொழியை மாற்றிக்கொள்ளப் போதிய இலாபம் யாரும் காட்டியிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடற்கோள் அம்பாந்தோட்டைக் கரையைத் தாக்கியபோது மலாய்க் குடும்பங்கள் பெருந்துயருற்றன.

இம்மொழிக்கு முழுமையான இலக்கண நூல் ஒன்று அண்மையிலேயே கிடைத்தது. செபஸ்தியன் நோர்டோஃப் என்பவர் மலைநாட்டு மலாயை ஆராய்ந்து 2009 இல் அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்திலே அளித்த ஆய்வு அது. ஒல்லாந்தர் கொண்டுவந்து இறக்கிய மக்களின் மொழிக்கு ஒல்லாந்தத்துத் தலைநகரிலேயே இலக்கணம் எழுந்தது. அதற்கு முன்னரே பி. டி. கே. சல்தீன் அவர்கள் இங்கிருந்துகொண்டே தம் மக்களையும் மொழியையும் பற்றி 1996 இல் நூல் வெளியிட்டார். சொற்களைத் திரட்டி அகராதியும் செய்தார்.

எழுத்துப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. அரபு எழுத்தைப் படிக்கத் தெரிந்தோர் அருகிவிட்டனர். உரோம எழுத்திலே எழுதுவோர் ஒருவர் ஆங்கில முறையிலும் ஒருவர் மலேசிய முறையிலும் எழுதுகின்றனர். உரோம எழுத்திலே இன்னொரு குறையும் உண்டு. பல்லில் நா தொட்டுப் பிறக்கும் தகரமும், நா வளைந்து பிறக்கும் டகரமும் இலங்கை மலாயிலே வெவ்வேறு ஒலிகள்; தாயக மலாயில் அந்தப் பாகுபாடு இல்லை, இங்கு வந்த பின் பெற்றது. உரோம எழுத்தோ இரண்டுக்கும் ஒரே குறியைத்தான் தருகின்றது. எழுத முனைவோர் அதனோடு வேறோர் எழுத்தை ஒட்டி வைத்துச் சமாளிக்கின்றனர். தமிழ் நெடுங்கணக்கிலும் சிங்கள நெடுங்கணக்கிலும் அவ்விரண்டுக்கும் தனித்தனி எழுத்துகள் முதல் வகுப்பிலேயே கற்பிக்கப்படுகின்றன.